முடிந்த அளவு நீதி

தமிழில் சிலி என்றதும் கவிஞர் நெரூதாவும் அதிபர் அயெந்தேயும்தான் நினைவுக்கு வருவார்கள். இருவருமே 1973 செப்டம்பரில் இறந்தவர்கள். அதற்குப் பிறகு அந்த நாடு எப்படிப் பிழைத்தது, பதினாறரை ஆண்டு ராணுவ ஆட்சியிலிருந்து வாக்குச்சீட்டைக் கொண்டு எப்படி வெளியே வந்தது என்பதை நாம் குறைவாகவே பேசியிருக்கிறோம். அந்த மாற்றத்துக்குத் தலைமை தாங்கியவர் பத்ரிசியோ அய்ல்வின். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரர், வழக்கறிஞர், அதிபர் பதவிக்கு வந்தபோது 71 வயது. நான் சாந்தியாகோவுக்குப் போனது அவருக்காக.

பிராவிதென்சியா பகுதியில் ஆர்துரோ மெதினா என்றொரு தெரு இருக்கிறது. குடும்பங்கள் வாழும் அமைதியான தெரு. பயணிகள் தேடி வரும் இடம் இல்லை. 1990 முதல் 1994 வரை நாட்டை ஆண்டபோதும் அய்ல்வின் இந்தத் தெருவிலிருந்த தன் பழைய வீட்டை விட்டுப் போகவில்லை. லெயோனோர் ஒயார்சுனோடு ஐந்து பிள்ளைகளை வளர்த்த அதே வீடு. நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா, ஓய்வுபெற்ற செவிலியர், அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவே மாட்டார். ‘தோன் பத்ரிசியோ’ என்பார், நம் ஊரில் ஒரு மூத்த தலைமையாசிரியரைச் சொல்வதுபோல. ஆனால் அவரே ஒரு மாலை, தட்டுகளைக் கழுவிக்கொண்டே, “1973-ல் அவர் செய்ததை என் அப்பா சாகும்வரை மன்னிக்கவில்லை” என்றார். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளாமல் அய்ல்வினைப் புரிந்துகொள்ள முடியாது என்பது எனக்கு அந்த ஊரில் நடக்க நடக்க உறுதியானது.

கிறிஸ்தவ ஜனநாயகம் என்பது மத ஆட்சி அல்ல. 1891-ல் திருத்தந்தை 13-ஆம் லியோ தொழிலாளர்களைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் அதன் வேர் இருக்கிறது: உழைப்பவனுக்கு நியாயமான கூலி, சங்கம் வைக்கும் உரிமை, சொத்துக்கு ஒரு சமூகக் கடமை. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஜாக் மரித்தேன் 1930-களில் அதற்கு ஒரு அரசியல் தத்துவம் கொடுத்தார். சிலியில் கத்தோலிக்கப் பல்கலைக்கழக இளைஞர்கள் இதைப் படித்துவிட்டு, பண்ணையார்களின் கட்சியாக இருந்த கன்சர்வேட்டிவ் கட்சியிலிருந்து 1938-ல் பிரிந்தார்கள். எதுவார்தோ ஃப்ரெய் மொந்தால்வா, பெர்னார்தோ லெய்ட்டன், ரதோமிரோ தோமிக் ஆகியோர் அந்தத் தலைமுறை. 1945-ல் அய்ல்வின் அவர்களோடு சேர்ந்தார். 1957-ல் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி பிறந்தது. 1964-ல் ஃப்ரெய் ஏறத்தாழ 56 விழுக்காடு வாக்கோடு அதிபரானார். 1967-ல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. விவசாயக் கூலிகள் சங்கம் வைக்கும் சட்டமும் அதே ஆண்டுதான்.

அந்தச் சட்டத்தின் விளைவைப் பார்க்க நான் பாய்னே போனேன். சாந்தியாகோவுக்குத் தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இருபுறமும் தோட்டங்கள், தொலைவில் மலை. பண்ணைகள் பிரிக்கப்பட்டு உழுதவர் கைக்கு நிலம் வந்த ஊர்களில் இதுவும் ஒன்று. 1973 செப்டம்பரிலும் அக்டோபரிலும் இந்தச் சிற்றூர்ப் பகுதியில் 70 பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது கொண்டுபோகப்பட்டுக் காணாமல் போனார்கள். ராணுவமும் காவலரும் மட்டும் செய்ததில்லை. உள்ளூர் நில உடைமையாளர்களும் வாகனத்தோடு கூடவே வந்தார்கள். நிலம் கேட்டவன் யார், சங்கத்தில் பேசியவன் யார் என்று அடையாளம் காட்ட ஊர்க்காரன் வேண்டுமல்லவா.

அங்கே இப்போது ஒரு நினைவிடம் இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் மரத்தூண்கள், உயரமும் தாழ்வுமாக, அந்தப் பள்ளத்தாக்கின் தொடுவானத்தைப் போலவே நட்டிருக்கிறார்கள். இடையே 70 தூண்கள் இல்லை. இல்லாத ஒவ்வொரு தூணின் இடத்திலும் அந்தக் குடும்பத்தார் தாங்களே செய்த ஓட்டுச் சில்லு ஓவியம். ஒன்றில் குதிரை, ஒன்றில் கால்பந்து, ஒன்றில் கிதார். ஆளின் முகத்தைவிட அவன் எதை விரும்பினான் என்பதைப் பெரும்பாலோர் செய்திருந்தார்கள். குனிந்து குனிந்துதான் பார்க்க முடிகிறது. நான் எழுபதையும் பார்த்து முடிக்காமல் திரும்ப மனமில்லாமல் நின்றேன்.

பாய்னே குடும்பங்களுக்காக நீதிமன்றப் படி ஏறிய வழக்கறிஞரின் பெயரும் அய்ல்வின்தான். பத்ரிசியோவின் தம்பி, ஆந்த்ரெஸ் அய்ல்வின். அதே கட்சி, அதே படிப்பு, அதே ஞாயிறு திருப்பலி. ஆட்சிக்கவிழ்ப்பு வந்தபோது இரண்டு பேரும் இரண்டு பக்கம் நின்றார்கள்.

சாந்தியாகோவின் மையச் சதுக்கமான பிளாசா தெ ஆர்மாஸில் பேராலயத்தின் நிழலில் உட்கார்ந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். 1973-ல் அண்ணன்தான் கட்சித் தலைவர். 1970 தேர்தலில் 36 விழுக்காடு சொச்சத்தில் முதலிடம் வந்த சோஷலிஸ்ட் அயெந்தேயை, அரசியலமைப்பு உறுதிமொழிகள் வாங்கிக்கொண்டு, நாடாளுமன்றத்தில் அதிபராக்கியதே கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் வாக்குகள்தான். மூன்றே ஆண்டில் அந்தக் கட்சி வலதுசாரிகளோடு சேர்ந்து நின்றது. தட்டுப்பாடு, வேலைநிறுத்தம், இரு பக்கமும் ஆயுதப் பேச்சு. கர்தினால் ரவுல் சில்வா என்ரிக்கெஸ் 1973 ஆகஸ்ட் 17 இரவு அயெந்தேயையும் அய்ல்வினையும் தன் வீட்டுக்கு அழைத்து ஒரே மேசையில் உட்கார வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து நாள் கழித்து, அரசு சட்டத்தை மீறிவிட்டது என்று மக்களவை தீர்மானம் போட்டது. கிறிஸ்தவ ஜனநாயகர்களும் அதற்கு வாக்களித்தார்கள். செப்டம்பர் 11 காலை அதிபர் மாளிகையான லா மொனேதா மீது விமானங்கள் குண்டு போட்டன.

அதற்குப் பின் வந்த வாரங்களில் அய்ல்வின் பேசியதை இன்று படித்தாலும் நெஞ்சு கனக்கிறது. அரசு தானே முழு அதிகாரத்தையும் கைப்பற்றத் தயாராகிக்கொண்டிருந்தது, ராணுவம் அதை முந்திக்கொண்டது, அவ்வளவே என்ற பொருளில் அவர் செய்தியாளர்களிடம் பேசினார். ராணுவம் வீட்டைச் சுத்தம் செய்துவிட்டுச் சீக்கிரம் முகாமுக்குத் திரும்பும் என்று கட்சியின் பெரும்பாலோர் நம்பினார்கள். தம்பி ஆந்த்ரெஸ் நம்பவில்லை. செப்டம்பர் 13-ஆம் தேதி, ஊரடங்குக்கு நடுவே, லெய்ட்டன் தலைமையில் 13 கிறிஸ்தவ ஜனநாயகர்கள் ஆட்சிக்கவிழ்ப்பைக் கண்டித்து ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஆந்த்ரெஸ் அவர்களில் ஒருவர். இரண்டே நாள்! உண்மை தெரிய ஆண்டுகள் ஆகும் என்று சொல்பவர்களுக்கு இந்த 13 கையெழுத்துகள் பதில் சொல்கின்றன.

லெய்ட்டனையும் அவர் மனைவி அனித்தாவையும் 1975 அக்டோபரில் ரோம் நகரத் தெருவில் சுட்டார்கள். படுகாயத்தோடு உயிர் தப்பினார்கள். ஆந்த்ரெஸை 1978-ல் வடக்கே குவாயாத்திரே என்ற மலைக்கிராமத்துக்கு நாடு கடத்துவதுபோல அனுப்பினார்கள். கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே, மூச்சு முட்டும் உயரம். அதற்குள் அண்ணனின் கட்சியையும் ராணுவம் 1977-ல் ஆணை போட்டுக் கலைத்துவிட்டிருந்தது.

பேராலயத்தை ஒட்டிய கட்டடத்தில்தான் விகாரியா தெ லா சொலிதரிதாத் என்ற ஒருமைப்பாட்டு மறைப்பணியகம் இயங்கியது. 1976 ஜனவரி முதல் நாள் கர்தினால் தொடங்கியது. காணாமல் போனவர்களின் தாய்மார்கள் ஏறிய படிக்கட்டு அதுதான். வழக்கறிஞர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு திறந்தார்கள்: பெயர், கடைசியாகக் கண்ட இடம், கூட்டிப்போன வண்டி. நீதிமன்றங்கள் ஆயிரக்கணக்கான ஆட்கொணர்வு மனுக்களைத் தள்ளிக்கொண்டே இருந்தன. அவர்கள் மனுப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். வெல்ல முடியாத வழக்கை எதற்குப் போடுவது என்று கேட்டால், காகிதத்தில் பதிய வேண்டும் என்பதற்காகத்தான். பதினைந்து ஆண்டுக்குப் பிறகு அந்தக் காகிதங்களே உண்மை ஆணையத்துக்கு அடித்தளம் ஆயின. கிறிஸ்தவ ஜனநாயகம் என்ற சொல்லுக்கு அந்த ஆண்டுகளில் உயிர் கொடுத்தது கட்சித் தலைமையகம் அல்ல, இந்தப் படிக்கட்டுதான் என்பது என் எண்ணம்.

அய்ல்வின் மாறினார். எந்த நாளில் என்று சொல்ல முடியாத, மெதுவான மாற்றம். 1982-ல் ஃப்ரெய் மொந்தால்வா ஒரு மருத்துவமனையில் இறந்தார். அந்தச் சாவின் மீதான சந்தேகம் பல ஆண்டு நீதிமன்றங்களில் அலைந்தது. கட்சித் தலைமை 1987-ல்தான் மீண்டும் அய்ல்வினுக்கு வந்தது. அதற்கு முன்பே, 1984-ல், ஒரு கருத்தரங்கில் அவர் சொன்ன யோசனை அன்று பலருக்குக் கசந்தது: ராணுவ ஆட்சித் தலைவர் பினோசெட் 1980-ல் கொண்டுவந்த அரசியலமைப்பு முறையானதா இல்லையா என்ற வாதத்தை ஒதுக்கி வைப்போம். அது நடைமுறையில் இருக்கிறது. அதற்குள்ளேயே வாசலைத் தேடுவோம். சட்டம் படித்த மனிதரின் யோசனை. தெருவில் அடிவாங்கிக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு அது சரணாகதியாகத் தெரிந்தது. நான் அந்தக் காலத்தில் அங்கே இருந்திருந்தால் இளைஞர்கள் பக்கம்தான் நின்றிருப்பேன். ஆனாலும் வாசல் அங்கேதான் இருந்தது.

அந்த அரசியலமைப்பின்படியே 1988 அக்டோபர் 5-ல் ஒரு பொது வாக்கெடுப்பு: பினோசெட் மேலும் எட்டு ஆண்டு இருக்கலாமா, கூடாதா. பதினாறு, பதினேழு கட்சிகள் ‘வேண்டாம்’ என்ற ஒரே சொல்லுக்காகக் கூடின. ஒருகாலத்தில் ஒருவரை ஒருவர் பகைத்த சோஷலிஸ்டுகளும் கிறிஸ்தவ ஜனநாயகர்களும் ஒரே மேசையில். அவர்களின் குரலாக அய்ல்வின் பேசினார். என் வீட்டுக்கார அம்மா அன்று வாக்களித்ததைச் செய்து காட்டினார். சிலியில் முத்திரை குத்துவதில்லை. வாக்குச்சீட்டில் ஒரு சிறு படுக்கைக்கோடு அச்சாகியிருக்கும், அதன் குறுக்கே நெட்டுக்கோடு போட வேண்டும். சாப்பாட்டு மேசையில் விரலால் அந்தக் கோட்டை இழுத்துவிட்டு, “கை நடுங்கியது, கோடு கோணலாகிச் செல்லாமல் போய்விடுமோ என்றுதான் பயம்” என்றார். கிட்டத்தட்ட 56 விழுக்காடு ‘வேண்டாம்’. நள்ளிரவு கடந்த வேளையில், முடிவை அரசு இழுத்தடித்துக்கொண்டிருக்க, விமானப்படைத் தளபதி மத்தேய் மாளிகைக்குள் நுழையும்போதே செய்தியாளர்களிடம் ‘வேண்டாம்’ வென்றுவிட்டதாகச் சொல்லிவிட்டார். அதோடு கதவு அடைபட்டது. அடுத்த ஆண்டு டிசம்பர் 14-ல் அய்ல்வின் 55 விழுக்காடு வாக்கோடு அதிபரானார்.

எப்படிப்பட்ட அதிபர்? பினோசெட் தரைப்படைத் தளபதியாக அப்படியே இருந்தார். பதவி விலகுங்கள் என்று அய்ல்வின் நேரில் கேட்டார், அவர் மறுத்தார். 1998 வரை அவரை நீக்கும் அதிகாரம் அதிபருக்கு இல்லை. செனட்டில் நியமன உறுப்பினர்கள் ஒன்பது பேர், உச்ச நீதிமன்றம் பழையவர்களுடையது, 1978-ல் ராணுவம் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட பொதுமன்னிப்பும் உயிரோடு இருந்தது.

தேசிய விளையாட்டரங்கத்துக்கு இப்போது மெட்ரோ போகிறது. 1973-ல் ஆயிரக்கணக்கானோரை அடைத்து வைத்துச் சித்திரவதை செய்த இடம். கோல் கம்பத்துக்குப் பின்னால் எட்டாம் நுழைவாயில் பகுதியில் பழைய மரப்பலகை இருக்கைகளை மாற்றாமல் வேலியிட்டு வைத்திருக்கிறார்கள். அரங்கம் நிரம்பி வழியும் ஆட்டங்களிலும் அங்கே யாரும் உட்காருவதில்லை. 1990 மார்ச் 12 அன்று, பதவியேற்ற மறுநாள், அய்ல்வின் இந்த மைதானத்தில்தான் மக்கள் முன் நின்றார். வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த இடம். காணாமல் போனவர்களின் பெண்கள் குவேக்கா ஆடினார்கள். அது ஆணும் பெண்ணும் கைக்குட்டை வீசி ஆடும் இணை நடனம். அவர்கள் துணையில்லாமல், காணாமல் போனவனின் படத்தை மார்பில் குத்திக்கொண்டு ஆடினார்கள். பிறகு அய்ல்வின் பேசினார். குடிமக்கள், ராணுவத்தினர் எல்லாரும் சேர்ந்ததே சிலி என்றார். ராணுவம் என்ற சொல் கேட்டதும் அரங்கமே ஊளையிட்டது. பதிவைப் பார்த்திருக்கிறேன். அந்த வயதானவர் பின்வாங்கவில்லை. குரலை உயர்த்தி, ஆம், குடிமக்களும் ராணுவத்தினரும்தான் என்று அதையே மறுபடி அழுத்திச் சொன்னார். தன்னைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தை எதிர்த்துப் பேசும் துணிச்சலை நான் மதிக்கிறேன். அந்தக் கூட்டத்தின் கோபத்தையும் அதே அளவு மதிக்கிறேன்.

ஏப்ரலில் ரவுல் ரெத்திக் தலைமையில் எட்டுப் பேர் கொண்ட உண்மை, நல்லிணக்க ஆணையம் அமைந்தது. ஒன்பது மாதங்களில் அறிக்கை தயார். 2,279 பேர் கொல்லப்பட்டதாகவோ காணாமல் ஆக்கப்பட்டதாகவோ பெயர் பெயராக எழுதியது. 1991 மார்ச் 4 அன்று அய்ல்வின் தொலைக்காட்சியில் தோன்றினார். கின்தா நொர்மாலில் உள்ள நினைவு அருங்காட்சியகத்தில் அந்தப் பதிவைப் பார்க்கலாம். முதலில் சட்டப் பேராசிரியரின் வறண்ட குரல். பிறகு, முழுச் சமூகத்துக்கும் பொறுப்பு உண்டு, ஆகவே குடியரசுத் தலைவர் என்ற முறையில் நாட்டின் பெயரால் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லும்போது குரல் உடைகிறது. எனக்குப் பக்கத்தில் பள்ளிச் சீருடையில் நின்ற பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

கத்தோலிக்க வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், பாவசங்கீர்த்தனம் என்பது பாவத்தைச் சொன்னதும் முடிவதில்லை. மனஸ்தாபம் வேண்டும், பரிகாரம் வேண்டும். அய்ல்வினின் அரசியலை நான் அந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்கிறேன். உண்மையைச் சொல்ல வைத்தார். பரிகாரத்தையும் தொடங்கினார்: 1992-ல் சட்டம் போட்டுக் குடும்பங்களுக்கு மாத ஓய்வூதியம், மருத்துவம், பிள்ளைகளுக்குப் படிப்புத்தொகை. தண்டனையில்தான் நின்றுவிட்டார். ‘முடிந்த அளவு நீதி’ என்ற அவரது சொல் சிலியில் இன்றைக்கும் வசவாகவே பயன்படுகிறது. ராணுவம் 1990 டிசம்பரில் படைகளை முகாமில் குவித்து மிரட்டியது. 1993 மே மாதம் சிறப்புப் படையினரைப் போர்க்கோலத்தில் தலைநகர் நடுவே நிறுத்தியது. அறிக்கை வெளியான ஒரே மாதத்தில், 1991 ஏப்ரல் 1-ல், வலதுசாரி செனட்டர் ஹைமே குஸ்மானை இடதுசாரி ஆயுதக் குழுவினர் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கொலையின் சத்தத்தில் 2,279 பெயர்களும் அமுங்கிப் போயின.

வசவு முழு நியாயமில்லை என்று நான் நினைக்கக் காரணம் ஒரு கடிதம். அறிக்கையோடு அவர் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார்: பொதுமன்னிப்புச் சட்டம் இருக்கட்டும், ஆனால் முதலில் விசாரித்து, யார் செய்தது என்று கண்டுபிடித்த பிறகுதான் அதைக் காட்ட முடியும். சிறிய திறப்புதான். பின்னாளில் நீதிபதிகள் அதன் வழியாகவே நுழைந்தார்கள். உடல் கிடைக்காதவரை கடத்தல் தொடரும் குற்றம், தொடரும் குற்றத்துக்கு 1978-ன் மன்னிப்பு செல்லாது என்று தீர்ப்புகள் வந்தன. ரகசியப் போலீஸ் தலைவர் மனுவேல் கொந்த்ரேராஸ் 1995-ல் சிறைக்குப் போனதும், வேறு வழியாக என்றாலும், அய்ல்வின் காலச் சட்டத்திருத்தத்தால்தான்.

நான் அவரிடம் பொறுத்துக்கொள்ள முடியாதது வேறு. அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்ட அவர், 1973-ல் தன் கட்சி செய்ததற்குத் தன் பெயரால் அதே அளவில் கேட்கவில்லை. 1990 செப்டம்பர் 4 அன்று அயெந்தேயின் உடல் விஞ்ஞா தெல் மாரிலிருந்து கொண்டுவரப்பட்டு உரிய மரியாதையோடு சாந்தியாகோவில் அடக்கம் ஆனபோது, அய்ல்வின் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து பேசினார். அதே சூழ்நிலை திரும்பி வந்தால் மறுபடியும் எதிர்ப்பேன் என்று அங்கேயே வெளிப்படையாகச் சொன்னார். 2012-ல், 93 வயதில், ஒரு ஸ்பானிய நாளிதழிடம் அயெந்தே நல்ல அரசியல்வாதி அல்ல என்றார். அய்ல்வின் நேர்மையான மனிதர், நினைப்பதை மறைக்கவில்லை. ஆனால் எதிர்ப்பதும் ராணுவத்தை நியாயப்படுத்துவதும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தை அவருடைய தம்பியே 1973 செப்டம்பர் 13-ல் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

லா மொனேதாவை ஒட்டி அய்ல்வினுக்கு 2022 முதல் ஒரு சிலை நிற்கிறது. திறந்து வைத்தவர் அன்றைய அதிபர் கப்ரியேல் போரிச், ‘முடிந்த அளவு’ என்ற சொல்லைக் கேலி செய்து வளர்ந்த தலைமுறைக்காரர். மாளிகைக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் அயெந்தேயும் ஃப்ரெய்யும் சிலைகளாக ஏற்கெனவே இருக்கிறார்கள். கட்சி தேய்ந்துவிட்டது. 2017 அதிபர் தேர்தலில் அதன் வேட்பாளர் 6 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. புதிய அரசியலமைப்புக்கான 2022 வாக்கெடுப்பில் கட்சியே இரண்டாகப் பிளந்து, பெரிய பெயர்கள் வெளியேறின. 1980-ன் அரசியலமைப்பு, பல திருத்தங்களோடு, இன்னும் நடைமுறையில்தான் இருக்கிறது.

பொதுக் கல்லறைத் தோட்டம் ரெகோலெத்தா பகுதியில். அயெந்தே, ஃப்ரெய், அய்ல்வின் மூவரும் அங்கேதான். 29-ஆம் முற்றத்தில் பெயரில்லாத இரும்புச் சிலுவைகள். 1991-ல் அங்கே தோண்டி 126 உடல்களை எடுத்தார்கள், அடையாளம் கண்டு குடும்பங்களிடம் கொடுத்தவற்றில் 48 தவறு என்று 2006-ல் தெரிந்தது. அந்தக் குடும்பங்கள் இரண்டாம் முறை இழந்தன. நுழைவாயிலிலிருந்து சற்றுத் தள்ளி, 1994-ல் அய்ல்வின் பதவியின் கடைசி நாட்களில் திறந்த பெரிய பளிங்குச் சுவர். ஒரு பக்கம் கொல்லப்பட்டவர்கள், மறுபக்கம் காணாமல் போனவர்கள். அடியில் தாள்பூக்கள், படங்கள்.

சுவரின் அடியில் ஒரு மூதாட்டி வாடிய பூக்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணனுக்காக வருகிறாராம். அய்ல்வினைப் பற்றிக் கேட்டேன். “மன்னிப்புக் கேட்டபோது அம்மா டிவியின் முன்னால் மண்டியிட்டாள், மகனே. கேட்டவர் அவர் ஒருவர்தான். ஆனால் தேடியது நாங்கள்.” தேடுவது அரசின் கடமை என்று சிலி அரசு தேசியத் தேடல் திட்டம் அறிவித்தது 2023 ஆகஸ்ட் 30-ல்தான், மன்னிப்புக்கு 32 ஆண்டு கழித்து. அப்போதும் 1,162 பேர் எங்கே என்று தெரியவில்லை. அந்தத் திட்டத்தின் அலுவலகத்திலிருந்து தன்னை வரச்சொல்லியிருப்பதாக அந்த அம்மா சொன்னார். அண்ணனைப் பற்றிய பழைய விகாரியா கோப்பின் நகல் இருந்தால் எடுத்து வரச்சொன்னார்களாம். வியாழக்கிழமை பேத்தி கூட வருகிறாள், கோப்பு எடுத்து வைத்துவிட்டேன் என்றார்.